ஜன்னல் தாழ்ப்பாள் விழவில்லையா, விழுந்தும் பயனில்லையா? கோளாறைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் வழி

தாம்பரம் பக்கத்தில் 18 வருடமாக ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். ஜன்னல் தாழ்ப்பாள் வாங்க வருகிறவர்கள் பெரும்பாலும் பழையதைக் கையில் பிடித்துக்கொண்டுதான் வருவார்கள். "இதே மாதிரி ஒன்னு குடுங்கண்ணே." கொடுப்பேன். இரண்டு வாரம் கழித்து அதே ஆள், அதே புகாரோடு வந்து நிற்பார். தாழ்ப்பாளில் கோளாறு இருந்தால்தானே புதுத் தாழ்ப்பாள் போட்டுச் சரியாகும்? கீல் தளர்ந்திருக்கும், சட்டம் ஊறியிருக்கும், ரோலர் தேய்ந்திருக்கும். பழி மட்டும் தாழ்ப்பாள் மேல் விழும்.

இன்னொரு வகை ஆட்களும் உண்டு. "அதான் கிரில் இருக்கே, தாழ்ப்பாள் எதுக்கு?" என்பார்கள். கிரில் ஆளை நிறுத்தும், சரி. நம் ஊர் மரஜன்னலில் கதவு வெளிப்பக்கம் திறக்கும், கிரில் உள்ளே இருக்கும். கதவைச் சாத்த உங்கள் கை அந்தக் கம்பிகளுக்கு நடுவே வெளியே போகிறதல்லவா? அதே இடைவெளியில் திருடன் கையும் உள்ளே வரும். கை எட்டாத இடத்துக்குக் கம்பு வரும். சார்ஜரில் போட்ட செல்போன், ஆணியில் தொங்கும் பேன்ட், மேஜை மேல் வைத்த ஹேண்ட்பேக் எல்லாம் போவது இப்படித்தான்.

கீழே, என்ன கோளாறு கண்ணில் படுகிறதோ அதை வைத்து எங்கே தேட வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். ஒரு ஸ்க்ரூ டிரைவர், டார்ச், பழைய டூத்பிரஷ், நாலு தென்னை ஈர்க்குச்சி, கொஞ்சம் கண்மை போதும். கண்மை எதற்கு என்று உடனே வரும்.

தாழ்ப்பாள் துளையில் இறங்கவில்லை

முதலில் துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். சிரிக்காதீர்கள். கீழ்ச்சட்டத்தில் இருக்கும் துளையில் சிமென்ட் தூள், பெயிண்ட், செத்த பூச்சி எல்லாம் அடைந்திருக்கும். அதைவிட, குளவி! சுண்டு விரல் நுழைகிற துளை கிடைத்தால் குளவிக்கு அது ரெடிமேட் வீடு. ஈரமண்ணை வைத்து அடைத்துவிட்டுப் போய்விடும், காய்ந்தால் கல் மாதிரி ஆகிவிடும். ஈர்க்குச்சியால் குத்தி எடுத்து, பிரஷால் தட்டிவிட்டு மறுபடி போட்டுப் பாருங்கள். என் கணக்கில் பத்தில் இரண்டு மூன்று புகார் இதிலேயே முடிந்துவிடும்.

துளை சுத்தமாக இருந்தும் இறங்கவில்லை என்றால் கண்மையை எடுங்கள். தாழ்ப்பாள் கம்பியின் நுனியில் தடவி, கதவைச் சாத்தி, கம்பியைச் சட்டத்தின் மேல் அழுத்துங்கள். கதவைத் திறந்தால் சட்டத்தில் கறுப்பாக ஒரு பொட்டு இருக்கும். துளைக்கு எந்தப் பக்கம், எவ்வளவு தூரத்தில் அந்தப் பொட்டு விழுந்திருக்கிறது என்பதுதான் உங்களுக்கு வேண்டிய விடை.

பொட்டு பக்கவாட்டில் தள்ளி விழுந்தால் கதவு சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம். கதவுக்கும் மேல்சட்டத்துக்கும் நடுவே இருக்கும் இடைவெளியைப் பாருங்கள். கீல் பக்கம் ஒட்டினாற்போலவும், தாழ்ப்பாள் பக்கம் வர வர அகலமாகவும் இருக்கும். கீழே அதே மூலை உரசிக்கொண்டிருக்கும். மேல் கீலின் ஸ்க்ரூவைத் தொட்டால் விரலோடு சுற்றும். இறுக்கினால் சும்மா சுற்றுமே தவிர பிடிக்காது, ஏனென்றால் மரத்தில் ஓட்டை பெரிதாகிவிட்டது. பெரிய வேலை இல்லை. கதவுக்கு அடியில் ஒரு மரத்துண்டைச் செருகித் தூக்கிப் பிடித்து, ஸ்க்ரூவைக் கழற்றுங்கள். ஈர்க்குச்சியை ஃபெவிகாலில் தோய்த்து ஓட்டைக்குள் மூன்று நான்காகத் திணித்து, மட்டமாக வெட்டிவிட்டு ஒரு ராத்திரி விடுங்கள். மறுநாள் அதே ஸ்க்ரூ பல்லைக் கடித்துக்கொண்டு பிடிக்கும். முக்கால் இஞ்ச் ஸ்க்ரூ இருந்த இடத்தில் ஒன்றேகால் இஞ்ச் போட்டால் இன்னும் நல்லது.

கதவு நாலு பக்கமும் இறுக்கமாக, சட்டத்துக்குள் முழுதாக உட்காராமல் நின்றால் அது மழை ஊறல். ஐப்பசியில் ஆரம்பித்து தை பிறந்ததும் தானாகச் சரியாகிவிடும். இந்தச் சமயத்தில் ஆசாரியைக் கூப்பிட்டு இழைக்கச் சொல்லாதீர்கள். கார்த்திகையில் இழைத்த கதவில் சித்திரையில் பல்லி நுழையும். அதுவரை சமாளிக்க, உரசும் விளிம்பில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிடுங்கள். வெயில் காலம் வந்ததும் கதவின் அடிவிளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். முக்கால்வாசி வீடுகளில் அங்கே பெயிண்டே பட்டிருக்காது. கண்ணுக்குத் தெரியாத இடம் என்று பெயிண்டர் விட்டிருப்பார். மரம் தண்ணீர் குடிப்பதே அந்த வழியாகத்தான். நன்றாகக் காயவிட்டு, அங்கே இரண்டு கை பெயிண்ட் அடித்தால் அடுத்த மழைக்கு இந்தத் தொல்லை பாதியாகக் குறையும்.

தாழ்ப்பாள் போட்டும் வெளியே இருந்து இழுத்தால் கதவு வருகிறது

இதை உள்ளே இருந்து கண்டுபிடிக்க முடியாது. பகலில் எல்லா ஜன்னலையும் சாத்திவிட்டு, வீட்டைச் சுற்றி வந்து ஒவ்வொரு கதவின் விளிம்பையும் பிடித்து இழுத்துப் பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரர் பார்த்தால் பார்க்கட்டும்.

இழுக்கும்போது மேல்பக்கம் மட்டும் விலகினால் மேல்தாழ்ப்பாள் இல்லை, அல்லது இருந்தும் யாரும் போடுவதில்லை. கை எட்டவில்லை என்று மேலே உள்ளதை விட்டுவிட்டுக் கீழே மட்டும் போடுவது எல்லார் வீட்டிலும் உள்ள பழக்கம். 4 இஞ்ச் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டு மேலே 8 இஞ்ச், 10 இஞ்ச் போட்டால் பிடி கீழே இறங்கி வரும்.

மேலும் கீழும் போட்டும் ஆடினால் சட்டத்தில் இருக்கும் துளை தேய்ந்து வட்டம் நீள்வட்டமாகியிருக்கும். சட்டத்தின் மேல் ஒரு தகடு பதித்து அதில் துளை போடச் சொல்லுங்கள். கம்பி துளைக்குள் எவ்வளவு ஆழம் போகிறது என்றும் பாருங்கள். அரை இஞ்சுக்குக் குறைவாகப் போனால் அது பேருக்குத்தான் தாழ்ப்பாள்.

இரட்டைக் கதவு ஜன்னலில் தாழ்ப்பாளுக்குப் பதில் கொக்கி மட்டும் மாட்டியிருப்பவர்கள் கவனிக்கவும். இரண்டு கதவும் சேரும் இடத்தில் ஒரு ஏடிஎம் கார்டு நுழைகிறதா? நுழைந்தால் ஹாக்ஸா பிளேடும் நுழையும். கொக்கியை அடியிலிருந்து நெம்பித் தூக்க அது போதும். கொக்கி, கதவு காற்றில் ஆடாமல் இருப்பதற்கு. பூட்டும் வேலையை அதற்குக் கொடுக்கக் கூடாது.

காற்றடித்தால் கதவு படபடக்கிறது, கண்ணாடி விரிசல் விடுகிறது

2016 டிசம்பர் 12, வர்தா புயல் அன்று எங்கள் தெருவில் உடைந்த கண்ணாடிகளில் பல, கல் பட்டு உடைந்தவை அல்ல. கொக்கி கழன்று கதவு சுவரில் மோதி உடைந்தவை. மறுநாள் கடையில் ஒரு கொக்கி, ஒரு தாழ்ப்பாள் மிஞ்சவில்லை. திறந்து வைக்கும் ஜன்னலுக்குக் கொக்கியும், சாத்தி வைக்கும் ஜன்னலுக்கு மேலும் கீழும் தாழ்ப்பாளும் வேண்டும். கண்ணாடியைப் பிடித்திருக்கும் மரப்பட்டை காய்ந்து தளர்ந்திருந்தால் அதையும் ஒருமுறை ஆணியடித்துக்கொள்ளுங்கள். இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

ஸ்லைடிங் ஜன்னலில் 'க்ளிக்' சத்தம் கேட்கிறது, ஆனால் இழுத்தால் திறக்கிறது

அபார்ட்மென்ட்காரர்களின் புகார் இது. அலுமினிய ஜன்னலில் டச் லாக் இருக்கும். அழுத்தினால் ஒரு சின்ன நாக்கு வெளியே வந்து எதிர்ச்சட்டத்தில் உள்ள வாயில் மாட்டும். சத்தம் வருவது நாக்கு வெளியே வந்ததால்தான். அது மாட்டியதா இல்லையா என்று சத்தத்துக்குத் தெரியாது.

இங்கேயும் கண்மை வைத்தியம்தான். நாக்கில் தடவி, மூடி, பூட்டி, திறந்து பாருங்கள். பொட்டு வாய்க்குக் கீழே விழுந்தால் கதவு கீழே இறங்கிவிட்டது, அதாவது அடியில் இருக்கும் ரோலர் தேய்ந்துவிட்டது. கொஞ்சம் நல்ல ஜன்னல் என்றால் கதவின் பக்கவாட்டில், கீழ்மூலையில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். உள்ளே ஸ்க்ரூ தெரியும். அதைக் கால் சுற்று திருப்பினால் ரோலர் இறங்கிக் கதவை உயர்த்தும். எந்தப் பக்கம் திருப்பினால் உயருகிறது என்று பார்த்துக்கொண்டு, இரண்டு மூலையையும் சமமாகத் திருப்புங்கள். ஒரு மூலையை மட்டும் திருப்பினால் கதவு கோணிக்கொள்ளும்.

அந்த ஓட்டை இல்லாவிட்டால் கதவையே கழற்றி ரோலரை மாற்ற வேண்டும். முதல் மாடிக்கு மேல் இதை நீங்களே செய்யாதீர்கள். கழற்றும்போது கதவு வெளிப்பக்கம் சாய்ந்தால் கீழே போகிறவர் தலையில்தான் விழும். சிங்கப்பூரில் ஜன்னல் கீழே விழுந்தால் வீட்டுக்காரர் மேல் வழக்கே போடுவார்கள். அங்கே வெளிப்பக்கம் திறக்கும் ஜன்னல்களில் அலுமினிய ரிவெட்டை எடுத்துவிட்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ரிவெட் போட வேண்டும் என்று 2004-லேயே கட்டாயமாக்கிவிட்டார்கள். நமக்கு அப்படி ஒரு சட்டம் கேள்விப்பட்டதில்லை. நாமேதான் பயப்பட வேண்டும்.

ரோலரைத் தொடுவதற்கு முன்னால் அது ஓடும் தண்டவாளத்தையும் பார்த்துவிடுங்கள். மண்ணும் முடியும் சேர்ந்து திரண்டு கிடந்தால் கதவு கடைசி வரை போகாது. பிரஷால் தேய்த்து, வேக்குவம் இருந்தால் உறிஞ்சி, ஈரத்துணியால் துடையுங்கள். தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். நாலு நாள் வழுக்கும், அப்புறம் தூசியைப் பிடித்துப் பிசின் ஆகிவிடும். தண்டவாளத்தின் வெளிப்பக்கத்தில் நீளமாகச் சின்னச் சின்ன வெட்டுகள் இருந்தால் அவை மழைத்தண்ணீர் வடிவதற்கு. எறும்பு வருகிறது என்று சிலிக்கான் வைத்து அடைத்தவர்களை எனக்குத் தெரியும். அடுத்த மழையில் தண்ணீர் ஹாலுக்குள் வந்தது.

பூட்டு சரியாக இருக்கிறது, ஆனால் கதவைத் தூக்கினால் கழன்று வருகிறது

ஸ்லைடிங் ஜன்னலின் பெரிய பலவீனம் இதுதான். முதலில் கதவை மேலே தூக்கிச் செருகி, பிறகு கீழே இறக்கித்தான் மாட்டுவார்கள். மாட்டிய வழியிலேயே கழற்றவும் முடியும். பூட்டிய நிலையில் இரண்டு கையாலும் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். கதவின் அடி தண்டவாளத்தை விட்டு எழும்பினால் உங்கள் பூட்டு இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

மேல்சட்டத்தின் பள்ளத்தில், கதவு மூடியிருக்கும் இடத்துக்கு நேர் மேலே, ஒரு பிளாஸ்டிக் கட்டையோ தலை நீட்டிய ஸ்க்ரூவோ போட்டுவிட்டால் தூக்க இடமிருக்காது. கதவு நகர இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டும் விட்டால் போதும். வேலைக்காரர் ஜன்னல் மாட்டிய அன்றே இதைக் கேட்டு வாங்கியிருக்க வேண்டும், பரவாயில்லை, இப்போது செய்துகொள்ளலாம்.

தண்டவாளத்தில் ஒரு முக்கால் இஞ்ச் பிவிசி பைப்பை அளந்து வெட்டிப் போடுவதும் நல்ல வழி. செலவு இல்லை. ஆனால் இரண்டு கதவும் நகரும் ஜன்னலில் வெளித் தண்டவாளத்தில் கிடக்கும் பைப்பை வெளியே நிற்பவனும் எடுத்துவிடலாம். வெளிப்பக்கக் கதவை உள்ளிருந்து ஒரு ஸ்க்ரூ போட்டு நிரந்தரமாக நிறுத்திவிட்டு, உள்பக்கக் கதவை மட்டும் நகர விடுங்கள். கண்ணாடி துடைக்கும்போது என் பெயரைச் சொல்லித் திட்டுவீர்கள், அது வேறு விஷயம்.

யுபிவிசி கைப்பிடி கடினமாகச் சுற்றுகிறது, அல்லது சும்மா சுற்றுகிறது

யுபிவிசி என்றால் கெட்டிப் பிளாஸ்டிக் ஜன்னல். இதற்கு ஒரே ஒரு சோதனை. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கைப்பிடியைச் சுற்றுங்கள். திறந்திருக்கும்போது வெண்ணெய் மாதிரி சுற்றி, மூடினால் மட்டும் கடினமாக இருந்தால் பூட்டு நன்றாக இருக்கிறது. கதவு சட்டத்தில் சரியாக உட்காரவில்லை. கதவு விளிம்பில் காளான் தலை போலச் சில உருளைகள் நீட்டிக்கொண்டிருக்கும். கைப்பிடி சுற்றும்போது அவை நகர்ந்து சட்டத்தில் உள்ள வாய்களில் மாட்டும். அந்த வாய்த் தகட்டின் ஸ்க்ரூவைத் தளர்த்திச் சற்று நகர்த்தலாம். உருளையில் ஆலன் கீ (ஆறு பக்கக் கம்பிச் சாவி) போடும் பள்ளம் இருந்தால் அதைத் திருப்பி இறுக்கம் குறைக்கலாம்.

திறந்திருக்கும்போதே கடினமாக இருந்தால் உள்ளே இருக்கும் கியர் போய்விட்டது. முரட்டுத்தனமாகத் திருகினால் கைப்பிடிதான் முறியும். கம்பெனி ஆளைக் கூப்பிடுங்கள். கைப்பிடி எதையும் நகர்த்தாமல் சும்மா சுற்றினால், முதலில் அடியில் இருக்கும் மூடியைத் திருப்பி உள்ளே உள்ள இரண்டு ஸ்க்ரூவை இறுக்கிப் பாருங்கள். அதோடு முடிந்தால் அதிர்ஷ்டம்.

பூட்டில் கோளாறே இல்லை, ஆனாலும் பொருள் போகிறது

அப்படியென்றால் பூட்டாமல் இருக்கும் நேரத்தில் போகிறது. வெக்கையில் ஜன்னலை மூடிக்கொண்டு தூங்க எல்லார் வீட்டிலும் ஏசி இருக்கிறதா என்ன? திறந்து வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால், கதவை ஒரு அளவுக்கு மேல் திறக்காமல் நிறுத்தும் சின்னச் சங்கிலியோ, தடுப்புத் தகடோ போடுங்கள். காற்று வரும், கம்பைச் சுழற்ற இடமிருக்காது. கட்டிலின் தலைமாடு ஜன்னல் பக்கம் இருந்தால் திருப்பிப் போடுங்கள். கழுத்துச் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடுவது அந்தத் திசையிலிருந்துதான்.

இன்னொன்றை அவசியம் பாருங்கள். வாசல் கதவுக்கு ஒட்டினாற்போல் ஒரு ஜன்னல் இருக்கிறதா? அதன் கிரில் வழியாகக் கையை விட்டுப் பாருங்கள். என்னிடம் ஒருவர் வந்து வாசலுக்கு நல்ல விலையில் பூட்டு கேட்டார். "கதவுக்குப் பக்கத்துல ஜன்னல் இருக்காண்ணே?" என்றேன். இருந்தது. போய்ப் பார்த்தால் கதவின் உள்தாழ்ப்பாள் அந்த ஜன்னலிலிருந்து ஒன்றரை அடி. நான் வெளியே நின்றபடி கையை விட்டு நீக்கிக் காட்டினேன். அவர் மனைவி பேசவே இல்லை, நேரே போய் அந்த ஜன்னலைச் சாத்தினார். அந்த ஜன்னலுக்கு சாவி போட்டுப் பூட்டும் தாழ்ப்பாள் போதும். கிரில் மேல் கனமான வெல்டு மெஷ், அதாவது பற்றவைத்த இரும்புக் கம்பிவலை அடித்துவிட்டால் இன்னும் நிம்மதி. கொசுவலை இதற்கு உதவாது, பிளேடு பட்டால் கிழியும்.

குழந்தை ஜன்னலைத் திறந்துவிடுகிறது

தரைத்தளத்தில் பூட்டு வெளியே இருப்பவனுக்கு. மாடியில், அதுவும் கிரில் இல்லாத பால்கனி ஜன்னலில், அது உள்ளே இருக்கும் குழந்தைக்கு. இரண்டுக்கும் ஒரே பூட்டு என்று நினைக்காதீர்கள். குழந்தைக்கு எட்டும் உயரத்தில் இருக்கும் டச் லாக்கை மூன்று வயதுப் பிள்ளை ஒரு நாளில் கற்றுக்கொள்ளும்.

கதவு 10 சென்டிமீட்டருக்கு மேல் திறக்காதபடி தடுப்பு வையுங்கள். அந்த இடைவெளியில் குழந்தையின் உடல் நுழையாது. கொசுவலையை நம்பி ஜன்னலைத் திறந்து விடுவது ஆபத்து. குழந்தை சாய்ந்தால் வலை சட்டத்தோடு கழன்று போகும். ஜன்னலுக்குக் கீழே சோபா, ஷூ ரேக், தண்ணீர் கேன் எதுவும் வேண்டாம். நியூயார்க்கில் குழந்தைகள் ஜன்னலிலிருந்து விழுவது அதிகமாக இருந்ததால், 10 வயதும் அதற்குக் கீழும் உள்ள குழந்தை இருக்கும் அடுக்குமாடி வீடுகளில் கட்டட உரிமையாளரே தடுப்புக் கம்பி போட்டுத் தர வேண்டும் என்று 1976-இல் விதி கொண்டுவந்தார்கள். விழுவது வெகுவாகக் குறைந்தது. நமக்குக் கிரில் பழக்கம் முன்பிருந்தே இருக்கிறது. புது அபார்ட்மென்ட்களில்தான் 'வியூ' கெடுகிறது என்று விட்டுவிடுகிறார்கள்.

எல்லாம் இறுக்கமாக இருக்கிறது, உள்ளே இருப்பவர் வெளியே வர முடியாது

இந்தப் புகாரோடு இதுவரை யாரும் கடைக்கு வந்ததில்லை. நான்தான் கேட்பேன். வாசல் பக்கம் தீப்பிடித்தால் எந்த ஜன்னல் வழியாக வருவீர்கள்? எல்லா ஜன்னலிலும் கிரில் வெல்டு செய்திருந்தால் ஒன்றுமே இல்லை. படுக்கையறையில் ஒரு ஜன்னலிலாவது கிரிலைக் கதவு போலத் திறக்கும்படி கீல் வைத்து, உள்பக்கம் பூட்டு போடச் சொல்லுங்கள். எந்த வெல்டிங் பட்டறையிலும் செய்வார்கள். சாவியை அதே சுவரில், ஜன்னலிலிருந்து நாலைந்து அடி தள்ளி ஆணியில் மாட்டுங்கள். வெளியே நிற்பவன் கைக்கு எட்டக் கூடாது, புகையில் தடவினால் உங்கள் கைக்குக் கிடைக்க வேண்டும். வீட்டில் உள்ள பாட்டி முதல் பேரன் வரை அந்த ஆணி எங்கே என்று தெரிந்திருக்க வேண்டும்.

சமையலறை ஜன்னலுக்குச் சாவிப் பூட்டே வேண்டாம், தாழ்ப்பாள் போதும். சிலிண்டர் கேஸ் கசிந்தால் அது காற்றைவிடக் கனம், தரையோடு தேங்கி நிற்கும். சுவிட்ச் எதையும் தொடாமல், ரெகுலேட்டரை மூடிவிட்டு, கதவு ஜன்னலை உடனே திறந்துவிட்டு, வெளியே வந்து 1906-க்கு போன் செய்ய வேண்டும். அந்த நேரத்தில் சாவி தேடிக்கொண்டிருக்க முடியாது.

கிரில் பூட்டை வருடத்துக்கு இரண்டு முறையாவது திறந்து மூடுங்கள். கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் மாதம் ஒருமுறை; உப்புக்காற்றில் இரும்புப் பூட்டு துருப்பிடித்து இறுகிவிடும், பித்தளை வாங்குவது மேல். பொங்கலுக்கு வெள்ளையடித்து முடித்த அன்று கண்டிப்பாகத் திறந்து பாருங்கள். கிரிலோடு சேர்த்து பூட்டுக்கும் ஒரு கை பெயிண்ட் அடித்து, சாவித் துவாரத்தை மூடிவிட்டுத்தான் பெயிண்டர் போயிருப்பார்.